யெப்தாவின் மனைவி

ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் இருமல் விட்டதா? சுண்ணாம்புக்கட்டித் தூளால் வந்தது என்று எழுதியிருந்தாய். கரும்பலகையை நீயே துடைக்காதே. போதகராகப் போகிற பிள்ளைகள்தானே, கொஞ்சம் தூசி தின்னட்டும். இங்கே எல்லோரும் கர்த்தர் கிருபையால் எழுந்து நடமாடுகிறோம். அத்தானுக்கு மட்டும் மழை வருமுன்னே முழங்கால் வலி வந்துவிடுகிறது.

ஒரு உதவி கேட்கத்தான் உட்கார்ந்தேன். புதன்கிழமைப் பெண்கள் வேத வகுப்பை இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். போதகர் மனைவி என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆலயத்தின் பின்னறையில் பதினாலு பேர் வருகிறார்கள். நான் குறிப்பைப் பார்த்து வாசிப்பேன், அவர்கள் தூங்குவார்கள். போன வாரம் மருந்துக்கடைக்காரர் மனைவி குறட்டையே விட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த தையல்காரம்மா முழங்கையால் ஒரு இடி இடிக்க, திடுக்கிட்டு எழுந்து "ஆமென்" என்றாள். நானும் வகுப்பை அதோடு முடித்துக்கொண்டேன்.

நியாயாதிபதிகள் புத்தகம் எடுத்திருக்கிறோம். யெப்தா கடவுளிடம் நேர்ந்துகொண்ட அந்தப் பொருத்தனை அடுத்த மாதம் வருகிறது. நீ உன் கல்லூரியில் வேதத்தைக் கதையாக வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாயே, அது எப்படி என்று என் மண்டைக்கு ஏறுகிற மாதிரி எழுது. அந்த அதிகாரத்தில் நாங்களெல்லாம் பார்க்காமல் விட்டது ஏதாவது இருக்குமா? அவன் அதைச் செய்தே ஆக வேண்டியிருந்ததா, இல்லை, வேறு வழி ஏதாவது அந்த வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் போதும்.

வாலு நன்றாக இருக்கிறாள். மே மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். இப்போது சரியாகிவிட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாடிப்படியில் புத்தகம் படித்துக்கொண்டே இறங்காதே.

உன் அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, குரல்தான் இன்னும் காக்கைக் குரலாக இருக்கிறது. மாணவர்கள் வாய்க்குள் சிரிக்கிறார்கள். அத்தான் முழங்காலைக் குளிர்ந்த தரையில் ஊன்றி ஜெபிக்க வேண்டாம் என்று சொல். ஒரு மெத்தையைப் போட்டால் பரலோகத்தில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நீ இப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கதை என்றால் கட்டுக்கதை என்று நினைத்து என்மேல் சண்டைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். முதல் நாள் வகுப்பில் நான் சொல்வது ஒன்றுதான். இதில் நமக்கு என்ன பாடம் என்று எடுத்த எடுப்பிலேயே தேடாதே. முதலில் சொல்கிறவன் எப்படிச் சொல்கிறான் என்று பார். எங்கே நின்று நிதானமாகச் சொல்கிறான், எங்கே ஓடுகிறான்? யாருக்குப் பெயர் கொடுக்கிறான், யாருக்குக் கொடுக்கவில்லை? யாரைப் பேச விடுகிறான்?

யெப்தாவை எடுத்துக்கொள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன் பேசிப் பேசியே தலைவனாகிறான். ஊர்ப் பெரியவர்களோடு பேரம் பேசுகிறான், எதிரி ராஜாவுக்கு நீளமாகத் தூது அனுப்புகிறான். அந்தப் பேச்சுக்கெல்லாம் அத்தனை வசனம். கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்கியது முதலில், ஜெயித்துத் திரும்பும்போது வீட்டு வாசலில் எதிரே வருவதைப் பலியிடுகிறேன் என்ற பொருத்தனை அதற்குப் பிறகு. கிடைத்துவிட்டதற்கு விலை பேசுகிறான். கடவுள் அந்தப் பொருத்தனையைக் கேட்கவில்லை, அதற்குப் பதிலும் சொல்லவில்லை. வெற்றி வருகிறது. மகள் ஆடிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். ஒரே பிள்ளை என்று நிறுத்திச் சொல்கிறவன், அவள் பெயரைச் சொல்லவில்லை. அப்பன் துணியைக் கிழித்துக்கொண்டு, நீ என்னை இப்படிச் சாய்த்துவிட்டாயே என்று அவளைக் குறை சொல்கிறான். கடைசியில் அவன் செய்ததற்கு அரை வரிதான். சொல்கிறவனுக்கே அந்த இடத்தில் நிற்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றும். வேறு வழி இருந்ததா என்று கேட்டாய். கதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் யாரும் தேடியதாகவும் அதில் இல்லை.

இன்னொன்று. இந்தக் கதையில் இருந்தே ஆக வேண்டிய ஒரு ஆள் இல்லவே இல்லை. யாரென்று சொல்ல மாட்டேன். உன் பெண்களைக் கேள். அன்றைக்கு யாரும் தூங்க மாட்டார்கள்.

நீ பெற்ற வாலு ஏன் எனக்கு எழுதுவதே இல்லை? ரத்தப் பரிசோதனைப் படிப்பில் மூன்றாம் வருடம் போகப்போகிற பெரிய மனுஷிக்குச் சித்தியைத் தெரியவில்லையா? போன வருடம் ஒரு துளி ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு மூன்று பக்கம் எழுதினாளே.

எல்லோருக்கும் என் அன்பு. உன் தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

உன் தங்கை


ஜூலை 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்களுக்கும் குறையில்லை.

நீ சொன்னபடியே கேட்டேன். ஒருத்தியும் தூங்கவில்லை. யார் இல்லை, யார் இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடவுள் என்றாள் ஒருத்தி. ஆசாரியர் என்றாள் இன்னொருத்தி. வகுப்பு முடிகிற நேரத்தில் தையல்காரம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அந்தப் பொண்ணோட அம்மா எங்கம்மா? செத்துட்டாளா, வீட்டுலதான் இருந்தாளா? இருந்துக்கிட்டேதான் சும்மா இருந்தாளா?"

அதற்குப் பிறகு ஒரே பேச்சு. அரைமணி நேரம் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் தலை வலிக்கிறது என்று சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து ரூத் புத்தகம் எடுக்கப்போகிறோம். அதனால் இந்த அதிகாரத்துக்கு இனி நீ குறிப்பு அனுப்ப வேண்டாம்.

வாலு மூன்றாம் வருடம் போகவில்லை. மலைமேல் இருக்கிற சேவை இல்லத்தில் சேரப்போகிறாள். நீண்ட நாள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற இல்லம், நீ கேள்விப்பட்டிருப்பாய். நல்ல இடம். நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் டாக்டர் கைவிட்ட பிள்ளை அவள், உனக்கு நினைவிருக்கும். அப்போது செய்த பொருத்தனை. அத்தான் அதை அப்போதிருந்த சபையில் எழுந்து சொல்லியும் இருக்கிறார். ஆகஸ்ட் முதல் ஞாயிறு அவளை ஒப்புக்கொடுக்கிற பிரதிஷ்டை ஆராதனை, ஆயர் வருகிறார்.

மழைக்காலம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

உன் அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் வகுப்புக்கு ஒன்றரைப் பக்கம், உன் மகளுக்கு ஆறு வரி.

அந்த இல்லத்தை எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியிலிருந்து போய்ப் பார்த்திருக்கிறோம். அங்கே இருக்கிற பெண்கள் மனதாரப் போனவர்கள். கல்யாணம் கிடையாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒருத்தியைக்கூட அவள் அப்பா கொண்டுவந்து விட்டதாக நான் கேட்கவில்லை. வாலு ஒரு வருடப் படிப்பை மீதி வைத்துக்கொண்டு போகிறாள் என்றால் அவளை யார் கேட்டார்கள்? அவள் என்ன சொன்னாள்?

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்டாள் என்று உன் கார்டு வந்தது. பொருத்தனை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பதினைந்து வருடமாக ஒரு வார்த்தை இல்லை. அத்தான் வாய் திறந்தபோது நீ எங்கே இருந்தாய்? இப்போது எங்கே இருக்கிறாய்? தையல்காரம்மா கேட்டதற்கு உனக்குத் தலை வலித்தது எதனால் என்று இப்போது புரிகிறது.

நான் அத்தானுக்கே எழுதப்போகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உடனே பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஆகஸ்ட் 3

அன்புள்ள மைத்துனிக்கு,

உனக்குச் சமாதானம் உண்டாவதாக. உன் சுகத்துக்காக நாங்கள் அன்றாடம் ஜெபிக்கிறோம். என் முழங்காலைப் பற்றி விசாரித்திருந்தாய், நன்றி. நீ சொன்ன மெத்தை போட்டாகிவிட்டது.

உன் கடிதம் கடுமையாக இருந்தது. நான் கோபப்படவில்லை. நான் பிரசங்கம் பண்ணிப் பழகினவன், பிறர் எனக்குப் பிரசங்கம் பண்ணினால் கேட்கவும் வேண்டும். உன் முறையையும் நான் இகழவில்லை. யெப்தாவின் நாக்கைப் பற்றி நீ உன் அக்காவுக்கு எழுதியதை நானும் வாசித்தேன். அது சரியான வாசிப்பு.

ஆனால் நம் வீட்டுக் காரியம் யெப்தாவின் காரியம் அல்ல. அவன் வெற்றிக்காக நேர்ந்தான். இங்கே ஒரு பிள்ளையின் உயிருக்காக நேர்ந்துகொள்ளப்பட்டது. ஒப்பிட்டால், பிள்ளை வரம் கேட்டு, பெற்ற பிள்ளையை ஆலயத்துக்கே கொடுத்த அன்னாளோடு ஒப்பிடு. கேட்டது கிடைத்தது, கிடைத்தது கொடுக்கப்பட்டது. யாருடைய வாயிலிருந்து புறப்பட்டது என்பது பெரிதல்ல. புறப்பட்டுவிட்டது, கேட்டவர் கேட்டுவிட்டார். மே மாதக் காய்ச்சலுக்குப் பிறகு இந்த வீட்டில் அதைத் தள்ளிப்போட முடியவில்லை.

பிள்ளை இரண்டு மாதம் தவணை கேட்டாள். நான் கொடுத்தேன். பிரதிஷ்டை அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

கதை சொல்கிறவன் எதைச் சொல்லாமல் விட்டான் என்று தேடுவது உன் தொழில். சில சமயம் சொல்லாமல் விடுவது ஒருவரைக் காப்பதற்காகவும் இருக்கலாம். உன் அக்காவுக்கு இப்போது தூக்கம் குறைவு. அவளுக்குக் கடுமையாக எழுதாதே. எழுத வேண்டியதை எனக்கு எழுது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அத்தான்


செப்டம்பர் 2

அன்புள்ள சித்திக்கு,

சுகமா? நான் சுகம்தான், எடை மட்டும் குறைந்திருக்கிறது.

அம்மா உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். உங்கள் கடிதங்கள் இரண்டும் தையல் மெஷின் டிராயரில் இருக்கின்றன. பிரித்து, படித்து, மடித்து வைத்திருக்கிறாள். நானும் படித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி அதில் நிறைய இருந்தது.

எல்லோரும் என்னைப் பற்றி எழுதுகிறீர்கள் சித்தி. அம்மா உங்களுக்கு, நீங்கள் அம்மாவுக்கு, நீங்கள் அப்பாவுக்கு, அப்பா உங்களுக்கு. அவளை யார் கேட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? ஒரு கார்டு வாங்கி என் பெயருக்குப் போட்டிருக்கலாமே.

நானே சொல்கிறேன். ஜூன் மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தட்டில் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள். "நீ பொழைச்சதுக்கு அப்பா ஒண்ணு நேர்ந்திருக்காரும்மா" என்றாள். அப்பா தலையைத் தூக்கவில்லை. நான் அப்பாவிடம் சண்டை போட்டேன். மூன்று நாள் பேசவில்லை. நான் கத்தும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரண்டு மாதம் கேட்டேன். கேட்ட பிறகுதான் உங்கள் குறிப்போடு அந்த அதிகாரத்தை வாசித்தேன். யெப்தாவின் மகளும் இரண்டு மாதம்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் சித்தி, ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் எல்லோரும் அம்மா எங்கே, அம்மா எங்கே என்று தேடுகிறீர்கள். மகள் அங்கேயேதான் இருக்கிறாள். பேசவும் செய்கிறாள். தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்கிறாள். உங்கள் ஒன்றரைப் பக்கக் குறிப்பில் அவள் பேசியதற்கு ஒரு வரிகூட இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்றால், மூன்றாம் வருடம் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த மலைக்கு நானே போகலாம், போகாமலும் இருக்கலாம். ஒருத்தர் கொடுத்த வாக்காகப் போக மாட்டேன். ஆனால் அப்பா கடவுளிடம் பொய்யனாகிவிடுவாரே. அவர் அவ்வளவு நல்லவர் சித்தி.

ஒரு மாதம்தான் இருக்கிறது.

அன்புடன்,
வாலு


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பற்றித்தான் கவலை.

வாலு எழுதியிருந்தாள். இத்தனை வருடம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு அவள் ஒரு நல்ல குட்டு வைத்தாள், வலித்தது. அவளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன், அவள் எப்போது வந்தாலும் என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் உண்டு என்றும் எழுதியிருக்கிறேன். அதில் என்ன எழுதினேன் என்று அவளிடமே கேள், காட்டினால் படி.

அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அத்தான் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அவரைத் திட்டுவதற்கு இன்னும் நாலு வார்த்தை தேடித்தான் எடுத்தேன் என்று வைத்துக்கொள். அத்தான் எதையும் 'நான்' என்று பொறுப்பெடுத்துச் சொல்கிற ஆள். நான் கோபப்படவில்லை, நான் வாசித்தேன், நான் தவணை கொடுத்தேன். பொருத்தனை வருகிற இடத்தில் மட்டும் 'நான்' இல்லை. நேர்ந்துகொள்ளப்பட்டது என்கிறார். வாயிலிருந்து புறப்பட்டது என்கிறார். யாருடைய வாய் என்பது பெரிதல்ல என்கிறார். பிறகு உன் ஜூலைக் கடிதத்தை எடுத்தேன். அப்போது செய்த பொருத்தனை என்றுதான் இருக்கிறது. செய்தது யார் என்று நீயும் எழுதவில்லை. அத்தான் சபையில் சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறாய்.

அதோடு, அவர் அன்னாளை, ஒரு தாயை, இழுத்தார். அவள் புருஷன் எல்கானாவை அல்ல.

அக்கா, நான் தப்பாக வாசித்திருந்தால் என்னைச் செருப்பால் அடி. சரியாக வாசித்திருந்தால் எனக்கு எழுது. நான் உன்மேல் கல்லெறிய இதைக் கேட்கவில்லை. ஜூலையில் உன்னிடம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேனே, அந்தக் கேள்வியை இப்போது வேறு குரலில் கேட்கிறேன்.

எப்படியிருந்தாலும் நான் உன் தங்கைதான்.


செப்டம்பர் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுதப் பொய் வரவில்லை.

நான்தான்.

அன்றைக்கு அத்தான் பக்கத்துச் சபையில் ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். குழந்தைகள் வார்டில் கடைசிக் கட்டில். மத்தியானம் மூன்று மணி இருக்கும். டாக்டர் வந்து கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பிடுங்கம்மா என்றார். நர்ஸ் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஈரத்துணி நனைக்கிற வாளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். கேட்டேன். கொடுத்தேன். ஐந்து மணிக்கு உடம்பு வேர்த்தது. ஏழு மணிக்குத் தண்ணீர் கேட்டாள்.

அத்தான் வந்ததும் சொன்னேன். அவர் என்னோடு சேர்ந்து அழுதார். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரம் சொல்லும்போது, இந்தப் பிள்ளை கர்த்தருக்கென்று கொடுக்கப்பட்டவள் என்று சபையில் சொன்னார். எல்லோரும் போதகரின் பொருத்தனை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. ஒரு வாரம் திருத்தாமல் விட்டால் அது பழகிவிடுகிறது. பதினைந்து வருடம் எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. அதற்குள் நாலு சபை மாறிவிட்டோம், தெரிந்தவர்கள் எல்லாம் பின்தங்கிவிட்டார்கள். நானும் கிட்டத்தட்ட மறந்திருந்தேன்.

மே மாதம் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் பிதற்றினாள். சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்தவர் திரும்பக் கேட்கிறார் என்று தோன்றியது. இப்போதே அவளை அனுப்ப வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அத்தான் வேண்டாம் என்றார் தங்கச்சி. பத்து நாள் என்னோடு வாதாடினார். கடவுள் கடன்காரர் மாதிரி வாசலில் நிற்கிறவர் அல்ல என்றார். நான் கேட்கவில்லை. கடைசியில், சரி, போகட்டும் என்றார். அப்போதும் நான் ஒன்று கேட்டேன். அவளிடம் உங்கள் பொருத்தனை என்று சொல்லுங்கள், என்னுடையது என்று தெரிந்தால் அவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள் என்றேன். அவர், "நீயே சொல்லிக்கோ, நான் மறுக்க மாட்டேன்" என்றார்.

உன்னிடம் யெப்தாவைப் பற்றிக் கேட்டது வகுப்புக்காக இல்லை. நீ படித்தவள், அந்த அதிகாரத்தில் எங்கேயாவது ஒரு ஜன்னல் இருந்தால் நீ கண்டுபிடிப்பாய், அந்த வழியாக நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ என்னைத் தேடச் சொல்லிக் கேள்வி அனுப்பினாய்.

இத்தனை நாளாக அன்னாள்தான் எனக்கு ஆறுதல். அவளும் கொடுத்தாளே என்பேன். போன வாரம் உன் முறைப்படி மறுபடி வாசித்தேன். அன்னாள் ஆசாரியன் முன்னால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, கேட்டது நான்தான் என்று தன் வாயால் சொல்லுகிறாள். நான் என் பொருத்தனையைப் புருஷன் வாயில் வைத்துவிட்டேன்.

பிள்ளை அப்பாவிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவர் தாங்கிக்கொள்கிறார். என்னிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு தலை வாரிவிடச் சொல்கிறாள்.

நான் என்ன செய்ய?

உன் அக்கா


செப்டம்பர் 26

அக்கா,

உன் கடிதம் கிடைத்த ஒரு மணி நேரத்தில் இதைத் தபாலில் சேர்க்கிறேன். அவளிடம் சொல். ஞாயிற்றுக்கு முன்னால் சொல். நான் சொல்ல மாட்டேன், அத்தானும் சொல்ல மாட்டார். உன்னைத் தவிர அதைச் சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் நான் இருக்கிறேன்.

சாப்பிடு. தூங்கப் பார்.

தங்கை


அக்டோபர் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சுகமா? பதில் தாமதமாகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்தார்கள். இப்போது யாரும் வருவதில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை மதியம் சொன்னேன். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். திக்கித் திணறி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாள். பொருத்தனையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அப்பா பேர்ல சொல்றதுன்னு முடிவு பண்ணது யாரு?" என்றாள்.

நான் வாய் திறக்குமுன் அத்தான் சொன்னார், "கேட்டது உங்கம்மா. சரின்னது நான்."

"நான் உங்களை எவ்ளோ பேசிட்டேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போனாள். பெட்டியை எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அத்தான்தான் ஸ்டேஷனுக்குக் கூடப் போனார். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனாளாம். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லூரியில் தாமதமாக வந்ததற்கு முணுமுணுத்துவிட்டு மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அத்தான் என்னிடம் கேட்டார், நாளைக்குச் சபையில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று. உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். உன் பேரைச் சொல்லியா என்றார். ஆமாம் என்றேன்.

ஆயர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் தோரணம்கூடக் கட்டியாகிவிட்டது. அத்தான் எழுந்து சொன்னார்: "இன்னிக்குப் பிரதிஷ்டை இல்ல. என் மனைவி ஒரு பொருத்தனை பண்ணினாங்க. அதை என்னோடதுன்னு எல்லாரும் நினைக்க நான் விட்டேன். பிள்ளையை நாங்க ரெண்டு பேருமே கேட்கல. அவ படிக்கப் போயிருக்கா." பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். யாரும் பாடத் தொடங்கவில்லை. ஆர்மோனியம் வாசிக்கிறவர் இரண்டு தடவை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆயர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். புதன் வகுப்பை வேறொருவரிடம் கொடுக்கும்படி செயற்குழு சொல்லிவிட்டது. அன்று ஆராதனை முடிந்து பின்னறையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தையல்காரம்மா மட்டும் வந்து பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைத்து வைத்தாள். முடித்துவிட்டு, "அன்னிக்கு நான் உங்களை நினைச்சுக் கேட்கலம்மா" என்றாள். "என்னை நினைச்சுத்தான் கேட்டேன்."

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீ திட்டுவாய். அந்த இல்லத்துக்கு நான் போகிறேன். ஒரு வருடம். துணி துவைக்க ஆள் இல்லாமல் இருக்கிறார்கள், இல்லத் தலைவி வரச்சொல்லி எழுதிவிட்டார். கடவுளை ஏமாற்றவோ, கணக்குத் தீர்க்கவோ இல்லை. அன்றைக்கு நான் கொடுத்தது என்னுடையதே அல்ல. என்னுடையதாக இருப்பதைக் கொண்டு போகிறேன். அத்தான், சமைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்கிறார். இந்த வாரம் மூன்று தடவை பாலைப் பொங்கவிட்டார்.

இனி இல்லத்து விலாசத்துக்கு எழுது. மழையில் நனையாதே.

உன் அக்கா


ஜனவரி 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் புதுக் கண்ணாடி சரியாக இருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். சவுக்காரத்தில் கை வெடித்திருக்கிறது, மற்றபடி பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. இங்கே நாற்பத்தொரு கட்டில். ஒரு நாளைக்கு முப்பது விரிப்பாவது துவைக்க வேண்டும். அத்தான் மாதம் ஒருமுறை வருகிறார். நீ அவருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் அவர் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. எனக்குப் படிக்கக் கொடுக்கவில்லை.

மூன்று மாதமாக வாலுவுக்கு வாராவாரம் எழுதினேன். பதில் இல்லை. நீ எனக்காக அவளிடம் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், நீயும் பேசவில்லை என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை வந்தாள்.

எட்டு மணி நேரப் பேருந்து. சொல்லாமல் வந்தாள். நான் கொல்லையில் விரிப்புப் பிழிந்துகொண்டிருந்தேன். தனியாகப் பிழிய முடியாது, மறுமுனையைக் கம்பத்தில் கட்டி முறுக்குவேன். திரும்பிப் பார்த்தால் கம்பத்திலிருந்து அவிழ்த்து அவள் கையில் பிடித்திருக்கிறாள். மீதியிருந்த பதினெட்டு விரிப்பையும் இரண்டு பேருமாகப் பிழிந்து கொடியில் போட்டோம். பிறகு துவைகல்லில் உட்கார்ந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு என்ன சொல்லி வேண்டிக்கிட்டே? மாத்தாம சொல்லு" என்றாள்.

பதினைந்து வருடமாக அந்த வார்த்தைகளை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அத்தானிடம்கூட அப்படியே சொன்னதில்லை. சொன்னேன். "இவளை எடுத்துக்காதீங்க. என்னால முடியாது. திருப்பிக் கொடுத்தீங்கன்னா நான் வச்சுக்க மாட்டேன், உங்களுக்கே விட்டுடறேன். உயிரோட எங்கேயாவது இருந்தா போதும்."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் செருப்பில் ஒரு வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ மணி அடித்தார்கள், சாப்பாட்டு நேரம். நான் எழப்போனேன். உட்கார் என்று தோளை அழுத்தினாள்.

"எனக்கு ஒரு பிள்ளை இருந்து அப்படிக் கிடந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா அது பொழைச்சு வளர்ந்ததும் அதுகிட்டச் சொல்லிடுவேம்மா. உன்னைக் கொடுத்துட்டேன், வச்சுக்கவும் ஆசையா இருக்கு, என்ன பண்ணலாம்னு அதையே கேப்பேன்."

குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா